கம்பி மாற்றும் நேரம்

அருள் பிரகாஷின் கிட்டார் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல, கொளஞ்சி ஆகிய என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் அவனுடைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கியவன் நான். என் இடுப்பைக் கேட்டால் அதுவும் சொல்லும்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் கற்றவன், படிக்க, சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகருக்கு வந்ததும் கெட்டுப்போனான். கெடுத்தது பாண்டிச்சேரியிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு பங்க் ராக் கேசட். கிட்டாரில் மூன்றே கார்டு, இரண்டு நிமிஷம், மிச்சமெல்லாம் கத்தல். ஹாஸ்டலில் பக்கத்து அறை கலியமூர்த்தி டிரம்ஸ் அடிக்க, 'கரண்ட் கட்' என்ற குழு பிறந்தது. முதல் பாட்டு கொசுவைத் திட்டி. கொசு ஒழியவில்லை, ஆனால் நாங்கள் சென்னை, பெங்களூர் வரை போய்க் கத்திவிட்டு வந்தோம்.

அருளுக்கு ஒரு வியாதி உண்டு. கிட்டாரை மேலிருந்து கீழேதான் அடிப்பான், அதுவும் ஜென்மப் பகையாளியை அடிப்பதுபோல. மேடைக்கு ஒரு கம்பியாவது அறுந்துவிடும். அவன் குனிந்து புதுக் கம்பி மாட்டுகிற மூன்று நிமிஷமும் கலியமூர்த்தி ஒரே தாளத்தைத் தனியாக அடித்துக்கொண்டிருப்பான். டும்டும் தக, டும்டும் தக. சுருதி சேர்ந்ததும் இருவரும் ஒன்றாகப் பாட்டுக்குள் பாய்வார்கள். அதுதான் கச்சேரியிலேயே உசத்தி என்று கைதட்டிய ஊர்கள் உண்டு.

எங்கள் குழுவில் பாடிக்கொண்டிருந்தவன் துபாய்க்குப் போனதும் குழு தானாக நின்றது. கலியமூர்த்தி சிதம்பரத்தில் பந்தல், நாற்காலி வாடகைக் கடையை முழுநேரமாகப் பார்க்கப் போய்விட்டான். அருள் கடலூரில் கிட்டார் வகுப்பு எடுத்தான். அப்புறம் படுக்கையறையில் உட்கார்ந்து, தானே பாடி, ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்தான். ஐம்பது வயதில் கத்த முடியாதவன் பாடுகிற மெதுவான பாட்டுகள். நன்றாக இருந்தன. எனக்கே பொறாமை.

ஆனால் கலியமூர்த்தியிடம் சொல்லவில்லை. எங்கள் பாஸ் கிட்டார்காரன் ராஜ்கமல் ஒருகாலத்தில் தனியாக ஆல்பம் போட்டதிலிருந்து கலியமூர்த்தி அவனோடு பேசுவதில்லை. இருபது வருஷம் கழித்து, ராஜ்கமல் மகள் கல்யாணத்துக்கு நாற்காலி கேட்டு ஆள் அனுப்பியபோதும் ஸ்டாக் இல்லை என்றுவிட்டான். குடோன் நிறைய நாற்காலி இருந்தது.

"என்னையும் அப்படி ஒதுக்கிட்டான்னா நான் எங்க போறது மச்சான்? அப்புறமா சொல்லிக்கிறேன்" என்று அருள் நாலு மாசம் ஓட்டினான்.

இந்த லட்சணத்தில் முதல் தனிக் கச்சேரியை அண்ணாமலை நகரில் ஒரு சின்ன ஹாலில் ஒப்புக்கொண்டான். போஸ்டர் வேண்டாம் என்றான். சிதம்பரத்தில் யாரிடமும் மூச்சுவிடாதே என்றான். எல்லாம் யோசித்தவன் ஒன்றை மறந்துவிட்டான். அந்தப் பக்கம் எண்பது பேர் உட்கார வேண்டுமென்றால் நாற்காலி யார் கடையிலிருந்து வரும்?

கச்சேரியன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அருள் மேடையேறி நிமிர்ந்தால், கடைசி வரிசையில், தன் கடைப்பெயர் எழுதிய நாற்காலியில், கலியமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பயத்தில் அருளுக்குப் பழைய அடி வந்துவிட்டது. முதல் பாட்டிலேயே மூன்றாவது கம்பி அறுந்தது.

அருள் குனிந்து புதுக் கம்பியை எடுத்தான். இரண்டு தடவை குத்தியும் அது துளைக்குள் நுழையவில்லை. யாரோ இருமினார்கள். எழுந்து ஓடிவிடலாமா என்று நான் யோசித்தேன்.

அப்போது பின்னாலிருந்து கேட்டது. டும்டும் தக, டும்டும் தக. கலியமூர்த்தி பக்கத்து நாற்காலியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தான்.

அருள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் அந்தத் தாளத்துக்குக் கை பழகியிருந்தது. கம்பி ஏறியது, சுருதி சேர்ந்தது. சேர்ந்த அதே நொடியில் தாளமும் நின்றது. கலியமூர்த்தி நாற்காலியை நிமிர்த்திப் போட்டுவிட்டு மறுபடி கையைக் கட்டிக்கொண்டான். ஒன்பது பாட்டையும் அருள் தனியாகப் பாடி முடித்தான்.

கூட்டம் கலைந்ததும் அருள் போய், கலியமூர்த்தியோடு சேர்ந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தான்.

"சொல்லாம விட்டது தப்புதான் மச்சான்."

"தப்புதான்" என்றான் கலியமூர்த்தி. "நாலாவது பாட்டு நல்லாருக்கு."

"ராஜ்கமல் மாதிரி என்னையும் விட்டுருவியோன்னு பயந்துட்டேன்."

"அவன் பாஸ் கிட்டார் கம்பி தடிக் கம்பி, அறுவவே அறுவாது. அவனுக்கு நான் எதுக்கு? ஒனக்கு அறுவும். அடுத்த தடவ சொல்லிட்டு வா."

அருள் நாற்காலியைப் பிடித்தபடியே அழுதுவிட்டான். எனக்கும் நாலு மாசப் பாரம் இறங்கியது. அதற்காக ஆம்ப்ளிஃபயர் கனக்கவில்லை என்று சொன்னால் பொய். வழக்கம்போலக் கனத்தது. கலியமூர்த்தி வந்து ஒரு பக்கம் பிடித்தான்.