சைரனின் காரைத் தூக்கிய நாள்

நோ பார்க்கிங்கில் நிற்கும் கார்களைத் தூக்கிக்கொண்டு போவது என் தொழில். ஊரே என்னைத் திட்டும், அது பழகிவிட்டது. பழகாதது அந்தத் தையல்கடைக்காரி மட்டும்தான். என் வண்டி தெருமுனையில் திரும்பினால் போதும், வாயில் கடித்திருக்கும் குண்டூசிகளைத் துப்பிவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "வெள்ளைக் காரு! மருந்துக்கடை! ஓடியாங்க!" எங்கள் ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் சைரன்.

நம்பரை மைக்கில் மூன்று முறை சொன்ன பிறகுதான் நாங்கள் கொக்கி மாட்டவேண்டும். அந்தத் தெருவில் மைக்கை ஒருத்தனும் மதிப்பதில்லை. சைரன் கத்தினால்தான் எழுந்து ஓடிவருவான்கள். காரை எடுத்துக்கொண்டு போவான்களே தவிர, அவளுக்கு ஒரு தேங்க்ஸ் கிடையாது.

எதிரியைப் பற்றி விசாரிக்க வேண்டாமா? விசாரித்தேன். துணிக் கம்பெனியில் காலர் தைத்தவள். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போனபிறகு, இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் கடை போட்டிருக்கிறாள். தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பழைய சிவப்புக் கார். பின்கண்ணாடியில் கடைப் பெயர் பெரிதாக ஒட்டியிருக்கும்.

ஒருநாள் காலை அந்தக் கார் நோ பார்க்கிங் பலகைக்கு நேர் கீழே நின்றது. சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைக்கில் மூன்று முறை நம்பரைச் சொன்னேன். உள்ளே தையல் மிஷின் நிற்காமல் ஓடியது. டீக்கடையில் அவள் காப்பாற்றிய கார்க்காரர்கள் கும்பலாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன்கூட இரண்டு எட்டு நடந்து அவள் கதவைத் தட்டவில்லை. தூக்கினேன்.

சக்கரம் மேலே போனபிறகுதான் ஓடிவந்தாள், கையில் பாதி தைத்த இடுப்புப் பட்டியோடு.

"ஐயோ, கல்யாணப் பொண்ணோட டிரெஸ் உள்ள இருக்கு! இப்பக் கொண்டுபோய்க் குடுக்கலைன்னா அந்தப் பொண்ணு எதப் போட்டுக்கிட்டு நிக்கும்? என் பேரே போயிடும்!" பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பினாள். "யாருமே பாக்கலையா?"

"உங்க வண்டின்னு தெரியாதும்மா," என்றான் மருந்துக்கடைக்காரன், பின்கண்ணாடியில் இருந்த கடைப் பெயருக்கு நேராக நின்றுகொண்டே.

"சரி, உங்க கார்லயாவது கொண்டுபோய் விடுங்க."

"கடையில ஆள் இல்லம்மா." டீ கிளாஸைக் கீழே வைக்கவே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைப் பிடிக்காதுதான். இந்தக் கும்பலை அதைவிடப் பிடிக்கவில்லை. "ஏறும்மா. பொண்ணு வீடு எங்க?" என்று கதவைத் திறந்தேன்.

பின்னால் சிவப்புக் கார் ஆட, கல்யாண வீட்டுக்கு ஓட்டினேன். குலுங்குகிற வண்டியில், விரலெல்லாம் குத்துப்பட்டு, கையாலேயே அந்த டிரெஸ்ஸுக்கான பட்டியைத் தைத்து முடித்தாள். டிரெஸ்ஸைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து ஏறியதும் கேட்டேன்:

"இவனுங்களுக்காகவா தொண்டை கிழியக் கத்துன? இனியாவது வாய மூடிக்கிட்டு இரு."

"அவனுங்களுக்காகன்னு யாருய்யா சொன்னா? நீ வெறும் வண்டியோட திரும்பிப் போறப்ப உன் மூஞ்சி போற போக்கு இருக்கே, அதப் பாக்கத்தான்."

கொழுப்பைப் பாருங்கள். அபராதத்தை முழுதாகக் கட்ட வைத்துத்தான் காரை விட்டேன்.

மருந்துக்கடைக்காரன் காரையாவது இனி எனக்கு விட்டுக்கொடுப்பாள் என்று மறுநாள் ஆசையோடு போனேன். நான் மைக்கைக் கையில் எடுப்பதற்குள் கத்திவிட்டாள்.