நான் கிரிக்கெட் கெப்டனான கதை

நான்கு வருடங்களுக்கு முன்பு, நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, கல்முனையில் நான் பதினோரு வருடம் வேலை பார்த்த புடவைக்கடையை முதலாளி மூடிவிட்டார். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். கட்டாருக்கு அனுப்புகிறோம், பாஸ்போர்ட்டைக் கொண்டு வாருங்கள் என்று ஏஜென்சிக்காரர் நச்சரித்துக்கொண்டிருந்தார். மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளை விட்டுப் போக மனம் ஒப்பவில்லை.

அக்கரைப்பற்றில் ஒரு தனியார் வைத்தியசாலைக்குக் களஞ்சியப் பொறுப்பாளர் தேவை என்று கேள்விப்பட்டேன். சுயவிபரக்கோவை கேட்டார்கள். வாழ்க்கையில் அப்படி ஒன்றை நான் எழுதியதே இல்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், போட்டோக்கொப்பியும் டைப்பிங்கும் செய்துகொடுக்கிற கொமியூனிகேஷனுக்குப் போனேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரில் யாருடையதோ ஒன்றைத் திறந்து, பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் மாற்றினார். வேலை முடிந்தது. அதில் பாடசாலைக் கிரிக்கெட் அணியின் கெப்டன் என்று ஒரு வரி இருந்தது. நானோ பந்தைக் கண்டால் ஒதுங்கி நிற்கிற ஆள்.

"அது கிடக்கட்டும் காக்கா, எல்லாருக்கும் அப்படித்தான் போடுற" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

புடவைக்கடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. துணி மடித்ததை எல்லாம் யார் எழுதுவார்கள் என்று நானும் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேர்முகத்தில் இருந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி. என்னுடையதை வாசித்துவிட்டு, மேசையில் கிடந்த மற்றத் தாள்களைப் புரட்டினார்.

"இண்டைக்கு நீங்க நாலாவது கெப்டன். எல்லாரும் ஒரே டீமா?"

ஓம் என்று சமாளிக்க வாய் வரவில்லை. கொமியூனிகேஷனில் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டு, போகச் சொல்வார் என்று பையையும் கையில் எடுத்துவிட்டேன். அவரோ ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"வெளிய இருந்து எழுதுங்க தம்பி. கடை திறந்தா பூட்டுறமட்டும் நீங்க என்னென்ன செய்வீங்களோ, அதை எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க."

பொதி வந்தால் சிட்டையோடு ஒத்துப் பார்ப்பது, பழைய சரக்கை முன்னுக்கு எடுப்பது, பெருநாளுக்கு எந்த அளவுச் சட்டை எத்தனை போகும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே முதலாளிக்குச் சொல்வது, மாரி தொடங்குமுன் வெள்ளத்துக்குத் தப்பக் கீழ்த்தட்டைக் காலி செய்வது. தாளின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. எழுதி முடித்தபோதுதான், பதினோரு வருடமும் நான் பார்த்தது களஞ்சிய வேலை என்று எனக்கே விளங்கியது.

"இதைத்தானே முதல்ல தந்திருக்கணும்" என்றார். அடுத்த கிழமையே வேலைக்கு வரச் சொன்னார்கள். மற்ற மூன்று கெப்டன்மாரும் கடைசிவரை கெப்டனாகவே இருந்துவிட்டார்கள் என்று பிறகொரு நாள் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நான் அங்கேதான் இருக்கிறேன். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம், என்னைத் துரத்தாமல் வெள்ளைத் தாளை நீட்டிய அந்தக் கைக்காக என் மனம் துஆ கேட்கிறது.