புரட்டாத தாள்

நான் மதினியிடம் சொன்ன ஒரு பொய்யை ஒரு சினிமாப் படம்தான் வெளியே இழுத்துப் போட்டது. வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம். இலங்கைக் கரையிலிருந்து தோணியில் தூத்துக்குடிக்குப் போன என் அண்ணன், காக்காவைப் பற்றி ஏழு மாதமாகத் தகவல் இல்லை. அவருடைய மனைவியான மதினி தினமும் விடிந்ததும் கரைக்குப் போய்த் தோணி வருகிறதா என்று பார்ப்பா. அவவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் நான் தினமும் அவவுக்கு ஒரு நாவலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். காதலிக்கு மருந்துப் பூ தேடி மாயத் தீவுக்குப் போகும் மாலுமியின் கதை. கடைசித் தாள்கள் கிழிந்து போயிருந்தன. மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, மாலுமி கரை சேர்ந்தான் என்று நானே கட்டிச் சொன்னேன்.

அந்த நாவல் படமாகிக் கற்பிட்டியில் படம் காட்டும் கூடாரத்துக்கு வந்தது. போயே தீருவேன் என்று மதினி பிடிவாதமாக நின்றா. பெண்களுக்கென்று மறைப்புக் கட்டிய பக்கத்தில் இருந்து பார்த்தோம். படத்தில் மாலுமி தீவிலேயே கல்லாகிப் போனான்.

வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன்.

"மதினி, நான் பொய் சொல்லிட்டன். கடைசித் தாள் புத்தகத்தில இல்ல."

"ஓம், தெரியும். அண்டைக்கு நீ ஒரு தாளும் புரட்டல்ல. ஓதுறவளுக்கு அது விளங்காதா?"

"பிறகு ஏன் கேட்டுக்கொண்டு இருந்தீங்க?"

"உனக்கும் அவர் வரணும் எண்டுதானே அப்படிக் கட்டினாய். படம் எடுத்தவனுக்கு என்ன தெரியும்? நாளைக்கும் நான் கரைக்குப் போவன்."

அவவுக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். விடிந்ததும் நானும் கூடப் போனேன். அந்தக் கடைசித் தாள்களை நான் பிறகு தேடவே இல்லை.