ஜோயலுக்கென்று அம்மா வைத்துப்போன நிலம்

எங்கள் அப்பா திவாலானார். பீன்யா தொழிற்பேட்டையில் அவர் நடத்திவந்த லேத் பட்டறை கொரோனாவுக்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. நீதிமன்றம் நியமித்த அதிகாரி வந்து மெஷின், வண்டி, அடுகோடியில் நாங்கள் இருந்த வீடு என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். அதற்கெல்லாம் நான் அழவில்லை. அத்திபெலே நிலத்தையும் அவர் சேர்த்தபோதுதான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நிலம் அப்பாவுடையது அல்ல. அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. என் தம்பி ஜோயலுக்கு உடல் வளர்ந்த அளவு புத்தி வளரவில்லை. குளிப்பதற்கும் ஆள் வேண்டும். அம்மா புற்றுநோயில் கிடந்த நாட்களில், தனக்குப் பின் அவன் யாரிடமும் கையேந்தக் கூடாது என்று நிலத்தை அவனுக்காக டிரஸ்டில் வைத்துப் பதிவு செய்தார். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் அப்பாவுக்கு.

பத்திரத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை.

“பத்திரம் சரியாத்தாம்மா இருக்கு. ஆனா கடைசியா கடன் வாங்கறப்ப, நிலம் தன்னோடதுன்னு உங்கப்பா எழுதிக் குடுத்திருக்காரு. டிரஸ்ட்டே வெறும் கண்துடைப்புன்னு கடன் குடுத்த பேங்க்காரங்க வாதாடறாங்க.”

அப்பாவிடம் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பேச்சே இல்லை. பட்டறையில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர்.

சித்தப்பா ஒரு வழி சொன்னார். “பேங்க்ல எவனோ தப்பா நிரப்பிட்டான், நான் பாக்காம கையெழுத்து போட்டேன்னு அண்ணன் சொல்லட்டும். முடிஞ்சுது.”

“அது பொய் சித்தப்பா.”

“ஜோயலுக்கு சோறு வேணுமா, உன் நியாயம் வேணுமா?”

தம்பியின் நிலத்தைப் பொய்யால் காப்பாற்றுவதில்லை என்று மனதில் முடிவு செய்துகொண்டேன்.

நான் பள்ளி ஆசிரியை. பள்ளி விட்டதும் நேரே ஆலயத்துக்குப் போய் முழங்கால் போடுவேன். முதலில் நிலத்துக்காகத்தான் ஜெபித்தேன். ஒரு நாள் அந்த வார்த்தையே வாயில் வரவில்லை. “ஆண்டவரே, என் அப்பாவைத் திருப்பிக் கொடும், அவர் வாயைத் திறந்தருளும்” என்றுதான் வந்தது. பிறகு தினமும் அதையே கேட்டேன்.

ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. லீவு போட்டு, நிலத்தின் ஆவணங்களுக்காக ஆனேக்கல் தாலுகா ஆபீசுக்கு அலைந்தேன். எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ரோஜா நாற்று போட்டிருக்கும் நஞ்சப்பாவைப் போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரியாத ஒன்றை அவர் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

“நோடம்மா, குத்தகைப் பணத்த நான் உங்கப்பா கையில குடுத்ததே இல்ல. தம்பி அக்கவுண்ட்லதான் போடணும்னு அவரே சொல்லிட்டாரு. கோர்ட்டுக்குக் கூப்பிடு, வர்றேன்.”

வீட்டுக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். “பட்டறைக்குக் கரன்ட் கட் பண்ணப்ப கூட அந்தப் பணத்தத் தொடலியேப்பா நீங்க” என்றேன்.

அப்பா அழுதார். “தொட மனசு வரல கிரேஸ். ஆனா கை கூசாம என்னுதுன்னு எழுதிட்டேனே.”

“அதயே அங்க சொல்லுங்கப்பா.”

விசாரணை அன்று காலையில் அவரே எழுந்து சவரம் செய்துகொண்டார். என் கையைப் பிடிக்காமல் நீதிமன்றப் படி ஏறினார்.

“நிலம் என்னுது இல்லீங்க” என்றார். “என்னுதுன்னு பொய் எழுதிக் குடுத்தது நான்தான். வேற யாரும் தப்பா நிரப்பல. அதுக்கு என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க. நிலம் என் புள்ளைக்கு அவன் அம்மா வச்சது.”

நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் அந்த இடத்திலேயே வந்துவிட்டது. தீர்ப்பு வர இன்னும் சில வாரங்கள் இருந்தன.

நஞ்சப்பா வந்து சாட்சி சொன்னார். ஜோயலின் கணக்கைச் சரிபார்த்தார்கள். நிலத்தைத் திவால் சொத்திலிருந்து நீக்கி, டிரஸ்டின் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. வீடு போயிற்று. பொய் எழுதிக் கொடுத்ததற்கான வழக்கு இன்னும் நடக்கிறது. அப்பா ஒரு வாய்தாவும் தவறாமல் போகிறார். இன்னொருவர் பட்டறையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். வாடகை வீட்டில் தினமும் காலை ஜெபத்தை அவர்தான் நடத்துகிறார். சத்தமாகவே ஜெபிக்கிறார், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

பிரியமானவர்களே, பொய் சொன்னால்தான் தப்பலாம் என்று உங்களைச் சுற்றி இருப்பவர்கள் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். முழங்காலில் நின்று, உண்மையைச் சொல்லும் பலத்தைக் கேளுங்கள். எங்கள் அப்பாவுக்கு அதைக் கொடுத்தவர் உங்களுக்கு மட்டும் இல்லை என்று சொல்லமாட்டார்.