குண்டனி நாட்டுக்கு நான் அடித்த சிவப்பு

1. வெள்ளையாகக் கிடந்த இடம்

கொல்லிமலை மேப்பில் ஒரே ஒரு நாட்டுக்கு மட்டும் மூன்று நாளாக நான் வர்ணம் அடிக்கவில்லை. மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை ஒரு நாடு என்பார்கள். மற்ற நாடுகளுக்கெல்லாம் அடித்து முடித்தாயிற்று. மேஜை மேல் விரித்த டிரேசிங் துணியில் குண்டனி நாடு மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முன்பு நடந்தது இது. அப்போது நான் ஹெல்த் இன்ஸ்பெக்டர். எந்த ஊரில் எத்தனை குழந்தைகளுக்கு அம்மை குத்தியாகிவிட்டது என்பது ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி மேப் வேண்டும் என்று எங்கள் டாக்டர் உத்தரவு போட்டார். வேலை சுலபம்தான். மணியக்காரர் வைத்திருக்கும் பிறப்பு ரிஜிஸ்டரில் மூன்று வருஷத்துப் பெயர்களை எடுக்க வேண்டும். செத்துப்போன பிள்ளைகளைக் கழிக்க வேண்டும். மிச்சப் பெயர்களை வாக்சினேட்டரின் அம்மை குத்து ரிஜிஸ்டரில் தேட வேண்டும். முக்கால்வாசிக்கு மேல் இருந்தால் பச்சைப் பென்சில், பாதிக்கு மேல் மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு.

குண்டனி நாட்டில் பிறப்பு ரிஜிஸ்டரில் எத்தனை பெயரோ, குத்து ரிஜிஸ்டரிலும் அத்தனை பெயர். ஒன்றுகூடக் குறையவில்லை. ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவிலேயே அம்மை குத்துகிறவரைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிற காலம் அது. மலை மேலே, ரோடு இல்லாத நாட்டில், ஒரு தாய்கூட மறுக்கவில்லை என்றால் யார் நம்புவது?

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பால்காரன் கண்ணெதிரே கறந்து கொடுத்தாலும் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போவேன். ரிஜிஸ்டரில் அழித்து எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் வைத்திருப்பேன். ஆபீசில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

அந்த லென்ஸை வைத்து மாரப்பனின் ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். மாரப்பன்தான் மலைக்கு வாக்சினேட்டர். சேந்தமங்கலத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், பேச்சு குறைவு. எங்கும் அழித்தல் இல்லை. குத்தியது பலித்ததா என்று எட்டாம் நாள் திரும்பிப் போய்ப் பார்த்ததாகவும் ஒவ்வொரு பெயருக்கும் எழுதியிருந்தார். ஒரு விஷயம் மட்டும் இடித்தது. இடது மேற்கையில் நான்கு இடத்தில் குத்த வேண்டும் என்பது விதி. மற்ற நாடுகளில் தழும்பு நான்கு என்று எழுதியவர், குண்டனி நாட்டில் எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு என்று எழுதியிருந்தார். பொய் எழுதுவதில்கூடச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் மேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ரிஜிஸ்டர் சொல்றது எனக்கு வேண்டாம். நீர் மலைக்குப் போய்க் கையைப் பாரும். தழும்பு இருந்தா பச்சை, இல்லேன்னா சிவப்பு. அவ்வளவுதான்.”

2. கையைக் காட்டச் சொன்னது

மாரப்பனுக்குத் தெரியாமல் புறப்பட்டேன். தெரிந்தால் முன்னால் ஓடிப்போய் ஆட்களைத் தயார் செய்துவிடுவார் என்று பயம். அடிவாரத்திலிருந்து பியூனோடு ஏறி, மலை மேல் இருக்கும் செம்மேட்டில் தங்கி, மறுநாள் காலையில் குண்டனி நாட்டு ஊர் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அங்கேயே விட்டுப் போகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது இருக்குமா என்ற யோசனையோடுதான் விட்டேன்.

ஊர்க்கவுண்டர் வந்தார். வற்றிய உடம்பு, தோளில் கம்பளி. வந்த காரியத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்கூருல ஒரு புள்ளைக்கும் குத்தலீங்க. ஊசி பட்ட ஒடம்பு எங்களுக்கு ஆகாதுங்க. பச்சை குத்துன பொம்பளையவே நாங்க ஊருக்குள்ள சேக்கறதில்லீங்க.”

வேறென்ன வேண்டும் எனக்கு? இருந்தாலும் ஒருவர் வாய்ச்சொல்லை நம்புகிற ஆளா நான். பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவரச் சொன்னேன். கவுண்டர் முதலில் தன் மருமகளையே கூப்பிட்டார். பெயர் பொன்னி. இடுப்பில் இரண்டு வயதுப் பையன், அரைஞாண் கயிறு தவிர வேறொன்றும் இல்லை. அவனுடைய பெயர் குத்து ரிஜிஸ்டரில் இருந்தது. இடது கையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. வலது கையையும் பார்த்தேன். பக்கத்தில் கவுண்டர் நின்றுகொண்டிருந்தார்.

“இவனுக்கு அம்மை குத்தியாச்சா?” என்று கேட்டேன்.

அவள் மாமனாரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. “இல்லீங்க” என்று சொல்லிவிட்டுப் பையனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

அவள் மறைக்கிறாள் என்று எனக்கு அப்போதே பட்டது. குத்தியதாகச் சொல்லும்படி மாரப்பன் மிரட்டி வைத்திருக்கிறார், அதனால்தான் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று கணக்குப் போட்டேன். அன்றும் மறுநாளும் ஐந்து ஊர்களில் பார்த்தேன். எல்லாக் கையும் சுத்தம். ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர்க்கவுண்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் தாய்மாரைக் கேட்டேன். சாட்சி வேண்டுமல்லவா.

இன்னொன்றும் என் நோட்டில் எழுதினேன். பல பிள்ளைகளுக்குத் தொப்புளுக்கு மேலே இரண்டு வட்டத் தழும்பு இருந்தது. மாந்தம், இழுப்பு என்று வந்தால் மஞ்சள் கிழங்கைச் சுட்டு வயிற்றில் சூடு போடுவது அங்கே வழக்கம். ‘குழந்தைகளுக்குச் சூடு போடும் கொடிய பழக்கம் மிகுதி’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

3. விசாரணை

பத்து நாள் கழித்து டாக்டர் அறையில் விசாரணை. டாக்டர், நான், குமாஸ்தா, பிறப்பு ரிஜிஸ்டரோடு மலையிலிருந்து வந்திருந்த மணியக்காரர். மாரப்பன் மேஜைக்கு முன்னால் நின்றார். நான் என் ரிப்போர்ட்டைப் படித்தேன். ஊர், பெயர், இடது கை இல்லை, வலது கை இல்லை என்று வரிசையாகப் படித்தேன். படிக்கும்போது ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாரப்பன் கடைசி வரை கேட்டார். “குத்துனது குத்துனதுதானுங்க” என்றார்.

எங்கே குத்தினாய் என்று டாக்டர் கேட்டார். மாரப்பன் மணியக்காரரை ஒரு தரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, உங்ககிட்ட ஒரு அஞ்சு நிமிசம் தனியாப் பேசலாமுங்களா?”

தனியாக என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ரகசியமாக எதையாவது கொடுத்து என் வாயை அடைக்கப் பார்க்கிறார். என்னையா?

“தனியா ஒண்ணும் வேண்டாம். சொல்றதை எல்லார் முன்னாலயும் சொல்லும்” என்றேன்.

அவர் மணியக்காரரை மறுபடி பார்த்தார். “அப்ப வேண்டாமுங்க” என்றார். குத்துகிற லான்செட் கத்திப் பெட்டியையும் அம்மைப்பால் கொண்டுபோகும் டப்பாவையும் மேஜை மேல் வைத்தார். பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். அன்று மாலையே வேலைநீக்க உத்தரவு டைப் ஆயிற்று. நான் சிவப்புப் பென்சிலைச் சீவிக் குண்டனி நாடு முழுவதும் அழுத்தி அடித்தேன். மேப் அழகாக இருந்தது. டாக்டர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்.

சிவப்பு அடித்த இடம் என்பதால் அங்கே அதிகக் கவனம். புது வாக்சினேட்டரைத் தாலுகா சேவகர்கள் துணையோடு அனுப்பினோம். அவர் விதிப்படி இடது கையில்தான் குத்துவேன் என்று நின்றார். முதல் ஊரில் ஒரு பிள்ளையைப் பிடித்துக் கையில் குத்திவிட்டார். அந்தக் குடும்பத்தை ஊர் விலக்கி வைத்தது. தண்ணீர் எடுக்கக்கூட விடவில்லை. அதன் பிறகு காக்கித் துணி தெரிந்தாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். புது வாக்சினேட்டர் இதை உள்ளது உள்ளபடி எழுதினார். அவருடைய ரிஜிஸ்டரை நான் நம்பினேன். அதில் ஒன்றுமே இல்லையே, சந்தேகப்பட என்ன இருக்கிறது.

4. லென்ஸ்

மூன்றாம் வருஷம் மாசியில், சந்தைக்கு வந்தவர்களோடு பெரியம்மை மலை ஏறியது. குண்டனி நாட்டில் பிள்ளைகள் சாகிறார்கள் என்று செம்மேட்டிலிருந்து தகவல் வந்தது. சிவப்பு நாடுதானே, நான் அன்றே சொன்னேனே என்று ஒரு எண்ணம் வந்தது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பழைய பிறப்பு ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு அதே ஊருக்குப் போனேன். ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. வீடு வீடாக நின்று பெயரைக் கேட்டு, யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று குறித்துக்கொண்டே போனேன். நாலாவது வீட்டில் என் பென்சில் நின்றுவிட்டது. மாரப்பன் ரிஜிஸ்டரில் இருந்த பெயர்கள் எல்லாம் நடமாடிக்கொண்டிருந்தன. அவரை அனுப்பிய பிறகு பிறந்த குழந்தைகள்தான் பாயில் கிடந்தன. சில வீட்டில் பாயும் சுருட்டியாகிவிட்டது.

பொன்னி வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயதுப் பையன் பக்கத்தில் நின்றான், முகத்தில் ஒரு பொட்டு இல்லை. கைக்குழந்தை ஒன்று இருந்ததாக வழியிலேயே சொன்னார்கள். பெண் குழந்தை. போன வெள்ளிக்கிழமை போய்விட்டது.

பையனைக் கூப்பிட்டேன். தொப்புளுக்கு மேலே அந்த இரண்டு வட்டம். என் நோட்டில் சூடு என்று எழுதி அடிக்கோடு போட்ட அதே தழும்பு. முதல் முறையாக லென்ஸை எடுத்து ஒரு பிள்ளையின் தோல் மேல் வைத்தேன். சூட்டுத் தழும்பு வழுவழுப்பாக இருக்கும். இது ஊசி முனையால் புள்ளி வைத்தது போலக் குழி குழியாக இருந்தது. அம்மை குத்திப் பலித்த தழும்பு அப்படித்தான் இருக்கும். எங்கள் இலாகாவில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பது அது. மாரப்பன் ரிஜிஸ்டரில் தழும்பு இரண்டு என்று எழுதியது இதைத்தான்.

கவுண்டர் வீட்டில் இல்லை. காட்டில் குழி வெட்டப் போயிருந்தார். பொன்னி தானாகவே பேசினாள்.

“எங்கக்கா மூணு புள்ளைய அம்மையில ஆத்தாளுக்குக் குடுத்தவங்க. அதனால நாங்க பொம்பளையெல்லாம் சேந்து அவருகிட்டக் கேட்டமுங்க. ஆம்பளைங்க இல்லாத நேரம் வந்து, சூடு போடற எடத்துல குத்துங்க, சூடுன்னே சொல்லிக்கறோம்னு. வெளிய சொன்னா எங்கள ஊரை உட்டு வெலக்கிருவாங்கன்னு சத்தியம் வாங்கினமுங்க.”

குத்திய இடம் கொப்புளம் கட்டிப் பொருக்கு உதிர்வதும் சூட்டுப் புண் ஆறுவதும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். ஊரில் யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படவே சம்பளம் வாங்கிய நானும் அந்த இடத்தில் சந்தேகப்படவில்லை.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

“எங்க மாமன பக்கத்துல நிறுத்திக்கிட்டுக் கேட்டீங்களே சாமி” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். பிறகு, “எம் பொண்ணுக்கும் குத்த அவரு வருவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தனுங்க” என்றாள்.

நான் எழுந்து வந்துவிட்டேன். செம்மேட்டுப் பாதையில் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து அழுதேன்.

முழு ரிப்போர்ட் எழுதினேன். ஊர், பெண்கள் பெயர் எதுவும் இல்லாமல் எழுதினேன். அந்த மட்டுக்குப் புத்தி வந்திருந்தது. மாரப்பனைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்டேன். விதிப்படி இடது கை, வயிற்றில் குத்தியது விதிமீறல், எனவே மறுநியமனம் இல்லை என்று மேலிருந்து பதில் வந்தது.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு சேந்தமங்கலம் சந்தைக்குப் போனேன். மாரப்பன் அங்கே கயிறு விற்றுக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கயிற்றைச் சுற்றிக்கொண்டே கேட்டார். மன்னிப்புக் கேட்டேன்.

“பொன்னி பையன் நல்லாருக்கானுங்களா?” என்றார்.

நன்றாக இருக்கிறான் என்றேன்.

“அதுக்கப்புறம் பொன்னிக்கு ஒரு புள்ளை பொறந்துதாமே?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அடுத்த ஆளுக்குக் கயிறு அளக்கத் திரும்பிக்கொண்டார்.

அந்த மேப்பைச் சுவரிலிருந்து இறக்கி நான் வைத்துக்கொண்டேன். இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. நான் சிவப்பு அடித்த அன்று குண்டனி நாடு பச்சையாக இருந்தது. சிவப்பை அடித்து, அதன்படி ஆளை மாற்றி, மூன்றே வருஷத்தில் அந்த மேப்பை உண்மையாக்கியவன் நான்தான்.

இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் ரிஜிஸ்டரைக் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும். கள்ளக் கணக்கு எழுதுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். நானே பின்னால் இரண்டு பேரைப் பிடித்திருக்கிறேன். ஆனால் பிள்ளையின் தாயிடம், கையைக் காட்டு என்று சொல்லாதீர்கள். தழும்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவன் தனியாகப் பேச வேண்டும் என்றால் ஐந்து நிமிஷம் கொடுங்கள். நான் கொடுக்கவில்லை.