முன்கூட்டி உடைத்த தேங்காய்

புதிய பிரதமர் பதவியேற்ற அன்று நான் வலியசாலையில் ஒரு வீட்டு சன்ஷேடில் உட்கார்ந்து, ஏசியின் வெளிப்பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே டிவி ஓடியது. தண்ணீர் பீய்ச்சுகிற சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. போன் வழியாக வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்கும் இனி சட்டத்தில் பாதுகாப்பு வரும் என்று பிரதமர் பேசினாராம். வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"உம்ம காரியத்தைத்தான் பேசறார், கேட்டேரா ஓய்?"

நான் சிரித்தேன். யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் பதிலுக்கு முன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். பதில் வருவதற்குள் கேட்டவர் போயிருப்பார். அன்றும் அப்படித்தான்.

ஆரியசாலைச் சந்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒரு ஃபிரிட்ஜ் கடையில் நின்று தொழில் கற்றேன். கடை மூடியபின் போனில் வேலை தருகிற கம்பெனியில் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்று சொல்லக்கூடாதாம். அவர்கள் என்னை 'பார்ட்னர்' என்றார்கள். அந்த வார்த்தை முதலில் எனக்குப் பிடித்திருந்தது. முந்தைய கோடையில் ஒரு சன்ஷேடில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தபோதுதான் அதன் பொருள் தெரிந்தது. நான் சுதந்திரமாகத் தொழில் செய்கிறவன், கம்பெனியின் ஆள் இல்லை, அதனால் விழுந்ததும் என் சொந்த விழுகைதான் என்று போனில் ஒரு பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். அந்தப் பெண்ணும் யாருடைய ஆளோ.

பதவியேற்பு நாளில் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி நெற்றி நிறைய விபூதியோடு இருந்தாள். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்திருக்கிறாள். என் கை உடைந்த அன்று நேர்ந்துகொண்டது. எங்க ஆளு என்று சொல்ல அவருக்கும் ஒரு இடம் வேணும், அது வந்தால் தேங்காய் உடைக்கிறேன் என்று.

"ஏட்டி, பிரதமரு சொல்லத்தானே செஞ்சிருக்காரு. சட்டம் இன்னும் வரலையே."

"அதுக்கு?"

"நடந்த பிறகுல்லா வேண்டுதல் தீக்கணும். நடக்காமப் போனா?"

"எல்லாரும் நம்மகிட்ட முதல்ல வாங்கிக்கிட்டு அப்புறம் தாரேங்கறாங்க, இல்லையா? பிள்ளையாரும் வாங்கிட்டாரு. நாம குடுத்தாச்சு. இனி அவருகிட்ட கேக்கலாம்ல."

இது தப்பான முறை என்று எனக்குப் பட்டது. அதைச் சொல்ல வாய் எடுப்பதற்குள் சோறு வந்துவிட்டது.

சில நாள் கழித்து தம்பானூரில் இருக்கும் கம்பெனி ஆபீசுக்கு எங்களில் சிலரை வரச் சொன்னார்கள். மேனேஜர் மலையாளி, என்னைவிட மிகவும் சின்னவர், நல்ல பிள்ளை. ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் விளக்குப் போட்டு கேமரா வைத்திருந்தார்கள். நாங்கள் ஒவ்வொருவராகப் பேச வேண்டும், அது டெல்லி வரை போகும் என்றார்.

"சேட்டனுக்கு நல்ல ஸ்டார் உண்டு, ஒரு கம்ப்ளெயின்டும் இல்ல. சேட்டன் தமிழிலே பறஞ்சா மதி."

தமிழில் சொன்னாலே போதுமாம். சொல்ல வேண்டியதை அவரே படித்துக் காட்டினார். எனக்கு நானே முதலாளி. நினைத்த நாளில் லீவு எடுப்பேன். பிடிக்காத வேலையை வேண்டாம் என்பேன். ஆகவே புதிய சட்டம் எங்களுக்குத் தேவையில்லை.

பக்கத்தில் பாறசாலைப் பக்கத்துக்காரி ஒருத்தி நின்றாள். அதே கம்பெனிக்கு வீடுவீடாகப் போய் பியூட்டி பார்லர் வேலை செய்கிறவள். மெதுவாக என் காதில் சொன்னாள்: "அண்ணே, உங்களுக்க வாயில இவ்வளவு பேச்சு மொத்தமா வருமாக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று சிரிப்புக்குப் பின்னால் பதிலும் வந்துவிட்டது.

"சார், நான் லீவு எடுத்ததே இல்ல. வேண்டாம்னு சொன்னதும் இல்ல. ஒரு தடவை செஞ்சு பாத்துட்டு வந்து பேசட்டுமா?"

தாராளமாக எடுக்கச் சொல்லி மேனேஜர் சிரித்துவிட்டார். "அதினெந்தா சேட்டா, எடுத்தோ!"

"அப்பம் எனக்கும் ஒரு லீவு, சார்" என்றாள் அவள்.

மறுநாள் வெயில் காலையிலேயே கொளுத்தியது. ஊர் முழுக்க ஏசி கெட்டுப்போகிற நாள். போன் அடித்தது. வேண்டாம் என்பதை அழுத்தினேன். மறுபடி அடித்தது, கவடியாரில் பெரிய வீடு. வேண்டாம். மனைவி பீன்ஸ் நறுக்கியபடி என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "முதலாளி, சாப்பிட வாங்க" என்றாள். நான் பகல் வெளிச்சத்தில் வீட்டில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டேன். அப்பளம்கூட இருந்தது.

அதற்குப்பின் போன் அடிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் திரை சாம்பல் நிறமாகிக் கிடந்தது. மனைவிதான் வாசித்தாள்.

"உங்களை நிறுத்தி வச்சிருக்காங்களாம். நம்ப முடியாத ஆளுன்னு போட்டிருக்கு."

பாறசாலைக்காரியும் கூப்பிட்டாள். "அண்ணே, எனக்க ஐடியும் செத்துப் போச்சு. நான் கும்பிடுத ஆண்டவரு என்னைய ஒரேயடியா விடுதலை ஆக்கிட்டாரு, பாத்துக்கிடுங்க!" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இரண்டு பெண்பிள்ளைகளை அவள் தனியாக வளர்க்கிறாள்.

இரண்டு பேருமாக ஆபீசுக்குப் போனோம். மேனேஜர் போனைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அய்யோ, இது ஞானல்ல சேட்டா. சிஸ்டம் தன்னாலே செய்யுந்நது. ஞான் சரியாக்கித் தராம். ஆ வீடியோ மாத்ரம் ஒண்ணு பேசிட்டுப் போகணும்."

வெள்ளைச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். அந்த நாலு வரியைச் சொன்னால் திரைக்கு நிறம் வந்துவிடும். மறுநாள் வேலை உண்டு. கோடை முழுக்க உண்டு. விளக்கு முகத்தில் அடித்தது, முதுகில் வேர்வை இறங்கியது. பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தினால் இப்படித்தான் இருக்கும்.

"நான் ஒரு நாள் லீவு எடுத்தேன்" என்றேன். "ரெண்டு வேலை வேண்டாம்னு சொன்னேன். சாயங்காலத்துக்குள்ள என்னை நிறுத்திட்டாங்க. நான் முதலாளி இல்ல. கம்பெனி ஆளும் இல்லைன்னா நான் யாருன்னு புதுசா வந்த பிரதமர்தான் சொல்லணும். அவரு சொல்வாரா மாட்டாரா, எனக்குத் தெரியாது. என் வீட்டுல தேங்காய் உடைச்சாச்சு."

கேமராவை நான் முடிப்பதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள் என்று பாறசாலைக்காரி பிறகு சொன்னாள். இருக்கட்டும். அந்த அறையில் இருந்தவர்கள் கேட்டார்கள். நானும் கேட்டேன். என் குரல் அவ்வளவு நீளமாக ஓடி நான் கேட்டதில்லை.

திரை இன்னும் சாம்பலாகத்தான் இருக்கிறது. வலியசாலை வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டதால் சில வீடுகளில் என்னை நேரே கூப்பிடுகிறார்கள். பழைய வேலையில் பாதிகூட இல்லை. சட்டமும் வரவில்லை. பிரதமர் அதற்குப் பிறகு வேறு என்னென்னவோ பேசினார். மனைவி மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் பழவங்காடியில் போய் நின்று, குடுத்தாச்சே, எங்கே என்று பிள்ளையாரிடம் கேட்டுவிட்டு வருகிறாள். அவள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் பிள்ளையாரை நினைத்து எனக்கே பாவமாக இருக்கும்.

அவள் முறை தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. நானும் பாறசாலைக்காரியும், எங்களைப் போல நிறுத்தப்பட்ட இன்னும் சிலரும் மாதம் ஒருமுறை தொழிலாளர் ஆபீசுக்குப் போகிறோம். முதல் தடவை எல்லோருக்கும் பின்னால் நின்றேன். போன தடவை பாறசாலைக்காரி என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளிவிட்டாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஆ நியமம் இதுவரை வந்நிட்டில்லல்லோ. வந்நிட்டு வரூ." சட்டம் வந்த பிறகு வாருங்கள் என்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை முடித்துவிட்டுச் சொன்னேன்.

"அது வாரதுக்கு முன்னாடியே வருவோம் சார். எங்க வீட்டுல அப்படித்தான் பழக்கம்."