பத்தொன்பது பக்கத் தீ

"இப்ப சொன்னத இன்னொருக்கா சொல்லு. அதே கோவம் இருக்கணும்," என்று கைபேசியின் ஒலிப்பதிவை முழங்கையால் தட்டுகிறாள் ஃபுவாதினோ. விரலெல்லாம் மாவு. எண்ணெய் தெறிக்காமல் இருக்க கைபேசியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, கடைக் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். வந்தவள் வாங்க வந்தது ஒரு தாலா காசுக்கு பானிகேகே. உருண்டைகள் பொரியும் நேரத்தில் மாமியாரைப் பற்றி வாய்தவறி நாலு வார்த்தை சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

"எதுக்குக்கா?"

"சினிமாவுக்கு."

வந்தவள் கூந்தலைச் சரிசெய்துகொண்டு, முதல் தடவையைவிட நன்றாகவே திட்டினாள்.

தீவின் தலைநகரான ஆப்பியாவின் பேருந்து நிலையத்தில் காலைப் பசிக்கு ஃபுவாதினோவின் கடையை விட்டால் வேறு நல்ல கதி கிடையாது. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. ஒரு காதில் செம்பருத்தி, இன்னொரு காதில் பேனா. அவசரத்தில் சில நாள் செம்பருத்தியை எடுத்து எழுதப் பார்ப்பாள். பேருந்து ஒன்று திரும்பினால் போதும், "காட்சி ஏழு! வெளி! பகல்! வைத்தேலே பஸ் இன்னிக்கும் லேட்டு!" என்று கத்துவாள். ஓட்டுநர்கள் இப்போதெல்லாம் அவளைக் கடக்கும்போது முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் சனிக்கிழமை வகுப்பு. ஆக்லாந்திலிருந்து ரூத்தா என்ற பெண் வந்து, குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள். கடைசியில் ஆளுக்கொரு கதை வாசிக்க வேண்டும், ஐந்து பக்கத்துக்கு மேல் கூடாது. அதில் ஒன்றை மட்டும் படமாக எடுப்பார்கள். நானும் சேர்ந்திருந்தேன். இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஊரில் எனக்குக் 'கணக்கு' என்றே பெயர். தலை நரைத்தது இந்த ஊரில்தான். என் கதையில் ஒரு பேயும் ஒரு ஹெலிகாப்டரும் உண்டு. "பேய்க்கே பறக்கத் தெரியும். அதுக்கு எதுக்குய்யா ஹெலிகாப்டர்?" என்று ஃபுவாதினோ கேட்ட நாளிலிருந்து வகுப்பில் என்னை யாரும் மதிப்பதில்லை.

அவள் கதை அப்படியில்லை. சொல்லக் கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது, பொறாமையும் வந்தது. சுவரில்லாத பெரிய கூட்டவீட்டில் தலைவர்கள் தூணுக்கு ஒருவராகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். குடும்பத்தின் பேச்சுத் தலைவர் வரவேற்புரை நடத்திக்கொண்டிருக்கிறார். பின்னால் அடுப்படிக் குடிசையில் தீப்பிடிக்கிறது. அவர் மனைவி அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தப் பேச்சில் குறுக்கே யாரும் வாய் திறக்கக் கூடாது.

"இது நடந்ததா?" என்று ரூத்தா கேட்டாள்.

"பாதி நடந்தது. குடிசை எரிஞ்சது. நான் கூட்டவீட்டு வாசல்ல நின்னேன். உள்ள போகல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பேனா இருந்த காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். படத்தில் அந்தப் பெண் உள்ளே போக வேண்டும். அதற்காகவே இந்தப் படம் வேண்டும் அவளுக்கு.

வீட்டில் அதற்குள் வேஷமெல்லாம் பங்கு போட்டாயிற்று. தலைவர்களாக உட்கார மட்டும் இருபது பேர் தயார். வேஷம் கிடைக்காத மச்சான் ஒருவர், "அப்ப நான் நெருப்பா வர்றேன்" என்று சிவப்புச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

தொல்லை பக்கக் கணக்கில் இருந்தது. அவள் எழுதி வந்தது பத்தொன்பது பக்கம். புரட்டிப் பார்த்தால் பதினான்கு பக்கம் அந்த வரவேற்புரை! கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு தலைவரின் பட்டமும், அவரவர் ஊரின் பெருமையும், முறை பிசகாமல்.

"அக்கா, இது முடியறதுக்குள்ள குடிசை சாம்பலாயிடும்," என்றாள் ரூத்தா.

"ஆகட்டும்."

"ரெண்டு மூணு பட்டத்தை மட்டும் வெச்சுக்கலாமே?"

"யாரை விடச் சொல்றே? பேரச் சொல்லு, உன் வாயால சொல்லு. நாளைக்கு அவர் வீட்டாளுங்க என் கடைக்கு வருவாங்க, அப்ப நீ வந்து பதில் சொல்லு."

ரூத்தாவும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே, பேனாவை மூடி வைத்துவிட்டாள். ஒருவர் பட்டத்தை விட்டுவிட்டு மற்றவரைச் சொல்வது எழுத்திலும் அவமானம்தான்.

போதாததற்கு வீட்டிலேயே ஒரு காவல்காரர். ஃபுவாதினோவின் கணவர் செமிசி நிஜமாகவே பேச்சுத் தலைவர். கல்யாணம், சாவு, கோயில் திறப்பு எதுவானாலும் குடும்பத்துக்காக வாய் திறப்பவர் அவர்தான். மாலைப் பிரார்த்தனை முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதையைப் படித்தார். படித்துவிட்டு, "மூணு பட்டம் விட்டுப்போச்சு" என்றார். பக்கம் இருபதானது.

வாசிப்புக்கு முதல் நாள் செமிசியின் அண்ணன் மகனுக்குப் பட்டம் சூட்டும் விருந்து. நான் வழக்கம்போல முன்பக்கம் தலையைக் காட்டிவிட்டு, சாப்பாடு இருக்கும் பின்பக்கத்துக்கு நழுவிவிட்டேன். ஃபுவாதினோ குனிந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது. "விட்டுடப் போறேன் கணக்கு. உன் பேயே ஹெலிகாப்டர்ல போகட்டும்," என்றாள். போட்டிக்கு ஒரு ஆள் குறைந்தது என்று சந்தோஷப்பட வேண்டியவன் நான், முடியவில்லை.

முன்னாலிருந்து செமிசியின் பேச்சு காற்றில் வந்துகொண்டிருந்தது. திடீரென்று அவள் கை நின்றது.

"கணக்கு, அவர் என்ன சொல்றாரு?"

"எங்க கேக்குது? உம்முனு ஏறுது, உம்முனு எறங்குது. அவ்வளவுதான்."

"எனக்கும் அவ்வளவுதான் கேக்குது." எழுந்து நின்றாள். மடியிலிருந்த துருவல் முழுக்கத் தரையில். "கல்யாணமான நாள்லேருந்து அவ்வளவுதான்யா கேக்குது! இவர் பேசின எந்தப் பேச்சையும் நான் முன்னாடி உக்காந்து கேட்டதில்ல. அந்தப் பட்டமெல்லாம் புஸ்தகத்தப் பாத்து எழுதினேன்! நான் எப்பவும் இருக்கற எடம் இது. இங்கேருந்துல்ல எழுதணும்!"

"பட்டம்?"

"யாரையும் சொல்லல, யாரையும் விடல! உம்முனு ஒரு சத்தம். அதுக்குள்ள எல்லாரும் இருக்காங்க!"

பேனாவைத் தேடினாள், கிடைக்கவில்லை. கைபேசியை என் கையில் திணித்து, "புடி, அழுத்து" என்றாள். தேங்காய்ப் பால் வழிகிற கையை ஆட்டி ஆட்டி, "காட்சி ஒண்ணு! வெளி! பகல்! அடுப்படி!" என்று ஆரம்பித்தாள். மற்ற பெண்கள் துருவுவதை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டார்கள். புகை எப்படிக் கிளம்பும், ஈர ஓலையா காய்ந்த ஓலையா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அன்றைக்குப் பந்தியில் தேங்காய்ப் பால் தண்ணீராக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் எங்கள் காதில் விழுந்திருக்காது.

மறுநாள் வாசிப்புக்குக் குடும்பம் முழுவதும் பாயோடும் சாப்பாட்டோடும் வந்து இறங்கியது. மச்சான் சிவப்புச் சட்டையில் வந்திருந்தார். என் பேய் வந்தது, பறந்தது, யாரும் பயப்படவில்லை. பிறகு ஃபுவாதினோ வாசித்தாள். நாலே பக்கம். அடுப்படியில் ஒரு பெண். தூரத்தில் ஒரு பேச்சின் ஒலி, வார்த்தை இல்லாமல். புகை. அவள் வாசலுக்கு வருகிறாள், நிற்கிறாள். ஒலி தொடர்கிறது. குனிந்து, ஒரு கையைத் தரையை நோக்கித் தாழ்த்தி, "துலோ, துலோ" என்று மன்னிப்புக் கேட்டபடியே ஒவ்வொரு தலைவரின் முன்னாலும் கடந்து வருகிறாள். முதுகுக்குப் பின்னால் கூரை சிவக்கிறது. ஒலி தொடர்கிறது. கூட்டத்தின் நடுவில் வந்து, எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் நிமிர்கிறாள். ஒலி நிற்கிறது. படத்திலேயே ஒரே ஒரு வசனம்: "அடுப்படி எரியுது."

வாசித்து முடித்துத் தாளை மடித்தாள். பிறகு பாட்டிமார் பக்கத்திலிருந்து ஒரு கூவல் கிளம்பியது பாருங்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது! நான் நாற்காலியைத் தட்டிக் கத்தியதில் கை வீங்கிவிட்டது. செமிசி மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரூத்தா வென்றவரின் பெயரை அறிவித்தாள். அறிவிக்க வேண்டியதே இல்லை. குடும்பத்துக்கு ஒரு சிறப்பு வந்தால் குடும்பத்தின் சார்பில் யாராவது நன்றி சொல்ல வேண்டுமே. செமிசி இடுப்பில் சுற்றிய லாவாலாவாவை இறுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, எழுந்திருக்க ஒரு கையைத் தரையில் ஊன்றினார்.

ஃபுவாதினோ மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, இருப்பதிலேயே பெரிய பானிகேகேயை எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்திவிட்டு, எழுந்து நின்றாள்.